அடுத்த சைஸை இப்போதே வாங்கலாமா? குழந்தைத் துணியில் கிளியரன்ஸ் கணக்கு

சீசன் முடிவில் ஸ்டாக்கைத் தீர்க்கக் கடைகள் போடும் கிளியரன்ஸ் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு வந்த குழந்தைத் துணியில் பாதி, விலை அட்டைகூடக் கிழிபடாமல் பீரோவுக்குள்ளேயே சின்னதாகிப் போகும். பல வீடுகளில் நடக்கிற கதைதான். தள்ளுபடியைக் குறை சொல்லிப் பயனில்லை. பில் போட்ட இடத்திலேயே பணம் மிச்சமாகிவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். குழந்தை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற அன்றைக்குத்தான் அது மிச்சம். அதுவரை பரணில் முடங்கிக் கிடக்கிற பணம்.

ஆக, அடுத்த வருஷத்துக்கு இப்போதே எடுத்து வைப்பதில், வாங்குவது சின்ன வேலை. வாங்குவதற்கு முன் போடுகிற கணக்கும், வாங்கிய பிறகு எடுத்து வைக்கிற ஒழுங்கும்தான் பெரிய வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

கடை ஏன் இவ்வளவு குறைக்கிறது?

துணிக்கடையில் சீசன் என்பது வானிலையைவிட முன்னால் ஓடும். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்கால ஸ்டாக் வந்து இறங்கிவிடும். அதற்கு ரேக் காலியாக வேண்டும், பழைய சரக்கில் முடங்கிய பணமும் திரும்ப வேண்டும். அதனால் விலையைப் படிப்படியாக இறக்குவார்கள். முதல் இறக்கத்தில் எல்லா சைஸும் இருக்கும், தள்ளுபடி குறைவு. கடைசி இறக்கத்தில் தள்ளுபடி அதிகம், பல சைஸ் தீர்ந்து போயிருக்கும். அடுத்த வருஷத்துக்கு வாங்குகிற நமக்கு இது வசதி. இந்த வருஷ சைஸ் கிடைக்காமல் மற்றவர்கள் திரும்பிப் போகிற ரேக்கில் நமக்கு வேண்டிய பெரிய சைஸ் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'சேல்' எல்லாம் கிளியரன்ஸ் ஆகாது. சேல் முடிந்தால் விலை பழையபடி ஏறிவிடும், அதே துணி அடுத்த மாதம் மறுபடி சேலுக்கு வரும். கிளியரன்ஸ் என்றால் அந்தச் சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

படி 1: முதலில் பீரோவைத் திறங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இருப்பதை எண்ணுங்கள். எத்தனை டிஷர்ட், எத்தனை பேன்ட், எத்தனை இரவு உடை, எத்தனை ஸ்வெட்டர். கூடவே, வாரத்துக்கு எத்தனை தடவை துவைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைக்கிற வீட்டுக்கும், வாரம் ஒருமுறை துவைக்கிற வீட்டுக்கும் தேவை ஒன்றாக இருக்காது. இந்த எண்ணிக்கையைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனுக்கும் கிட்டத்தட்ட இதே எண்ணிக்கைதான் வேண்டியிருக்கும். அண்ணன், அக்கா, சித்தி பிள்ளைகளிடமிருந்து வரப்போகிற துணி இருந்தால் அதை இப்போதே கழித்துவிடுங்கள். ஓசியில் வரும் ஐந்து சட்டைக்கு முன்னால் எந்தத் தள்ளுபடியும் நிற்காது.

படி 2: குழந்தை எவ்வளவு வளரும் என்று கணக்கிடுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் குத்துமதிப்பாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். '4-5 வயது' என்று போட்ட இரண்டு கம்பெனி டிஷர்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பாருங்கள். நீளத்தில் இரண்டு விரல் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். வயது எண் அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம், சென்டிமீட்டர் அப்படியல்ல. ஐரோப்பிய முறையில் குழந்தைத் துணியின் சைஸ் எண்ணே உயரம்தான்: 86, 92, 98, 104, 110, 116 என்று 6 செ.மீ. இடைவெளியில் போகும். லேபிளில் அது இருந்தால் அதையே நம்புங்கள். '2டி', '3டி' (2T, 3T) என்று போட்டிருந்தால் தளிர்நடை போடும் குழந்தைகளுக்கான வெட்டு என்று பொருள், டயப்பருக்கும் இடம் விட்டுத் தைத்திருப்பார்கள்.

வளர்ச்சி எப்படிப் போகும்? உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளின்படி, நடுத்தர உயரம் 1 வயதில் ஆண் குழந்தைக்குச் சுமார் 76 செ.மீ., பெண் குழந்தைக்கு 74. 2 வயதில் 87, 86. 3 வயதில் 96, 95. 4 வயதில் இருவருக்கும் 103. 5 வயதில் 110, 109. உங்கள் குழந்தை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் கவலை இல்லை. நமக்கு வேண்டியது வேகம்தான். 2 முதல் 3 வயதுக்குள் மாதம் முக்கால் செ.மீ. அதன் பிறகு மெல்ல இறங்கி, மாதம் அரை செ.மீ. அளவில் பல வருஷம் ஓடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் பெண்ணுக்கு 4 வயது, இப்போது 102 செ.மீ. ஸ்வெட்டர் வேண்டியது 10 மாதம் கழித்து. குளிர் 3 மாதம் இருக்கும், அதன் கடைசி நாள் வரைக்கும் அது போதவேண்டும். ஆகவே 13 மாதக் கணக்கு. மாதம் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் என்றால் சுமார் 7 செ.மீ. 102-உம் 7-உம் 109. எடுக்க வேண்டியது 110 சைஸ். சீசன் தொடங்கும் நாளை மட்டும் பார்த்தால் 104-க்கும் 110-க்கும் நடுவில் குழம்புவோம், முடியும் நாளைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரு வேறு வயதுப் பிரிவினருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒன்று, முதல் வருஷக் குழந்தை. அந்த ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 25 செ.மீ. வளர்ந்துவிடும், சைஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். குளிருக்கு வாங்கிய கனத்த உடை சரியாகப் பொருந்துகிற மாதம் கோடையாகப் போனால் அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு முன்கூட்டி அதிகம் வாங்காதீர்கள். பரிசாகவே நிறைய வந்து சேரும். இன்னொன்று, பருவ வயது. பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு வருஷம் முன்னாலேயே திடீரென்று உயர்ந்துவிடுவார்கள். அந்த வயதில் அளவு மட்டுமில்லை, ரசனையும் ஆறு மாதத்தில் மாறிவிடும். 2 வயதிலிருந்து 8, 9 வயது வரைதான் இந்த முறைக்கு நல்ல காலம்.

உயரத்தோடு இன்னொரு அளவும் வையுங்கள். இப்போது சரியாகப் பொருந்துகிற பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து, இடுப்பு அகலத்தையும் கவட்டிலிருந்து கால் முனை வரையுள்ள நீளத்தையும் டேப்பால் அளந்து போனில் போட்டுவையுங்கள். குழந்தை உடன் வராதபோதும், அல்லது வந்து போட்டுப் பார்க்க அடம்பிடிக்கும்போதும், இதுதான் கை கொடுக்கும்.

படி 3: எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

சின்னப் பிள்ளைகள் உயரத்தில் வளர்கிற அளவுக்கு இடுப்பில் பெருக்க மாட்டார்கள். ஆகவே எலாஸ்டிக் இடுப்பு, லெக்கிங்ஸ், தொளதொள டிஷர்ட், கீழே விரிந்து போகும் ஏ (A) வடிவ ஃபிராக் எல்லாம் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே இருந்த ஃபிராக் அடுத்த வருஷம் லெக்கிங்ஸ் மேல் டாப் ஆகிவிடும். உள்ளே பட்டன் வைத்து இறுக்கித் தளர்த்துகிற இடுப்புப் பட்டி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கால் முனையை உள்ளே மடித்துத் தைத்த இடத்தில் துணி தாராளமாக இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். பின்னால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

பனியன், ஜட்டி, சாக்ஸ் இவற்றுக்குத் தள்ளுபடி வந்தால் விடாதீர்கள். யாரும் இதைக் கொண்டாடுவதில்லை, ஆனால் வருஷம் முழுக்கத் தேவைப்படுவது இதுதான்.

வேண்டாதவற்றில் முதலிடம் ஷூவுக்கு. கால் வளர்ச்சியை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஷூ அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் 6.67 மி.மீ.தான் இடைவெளி, அதற்குள் தப்பினால் கடிக்கும் அல்லது கழன்று விழும். போதாததற்கு, பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் அடிப்பாகம் உள்ள ஷூ, போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதைந்து உதிரும். அதே பொருளில் பூச்சு உள்ள ரெயின்கோட்டும் மடிப்பில் உரிந்து வரும். இந்த இரண்டையும் வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது.

கார்ட்டூன் படம் போட்டதிலும் யோசித்துக் கை வையுங்கள். இன்றைக்கு உயிராக நினைக்கிற பூனைப் படத்தை அடுத்த வருஷம் 'அது பாப்பா போடுறது' என்று தள்ளிவிடுவார்கள். 3 வயது வரை நம் ராஜ்ஜியம், 4, 5-க்கு மேல் அவர்கள் கட்சி. வெறும் நிறம், கோடு, கட்டம் என்று போனால் தம்பி தங்கைக்கும் இறங்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். கழுத்திலும் தொப்பியிலும் இழுகயிறு உள்ள உடை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சறுக்குமரத்திலும் கதவிலும் மாட்டிக் குழந்தையின் கழுத்தை இறுக்கும். உடம்போடு ஒட்டி இருக்கும்படி தைத்த இரவு உடையைப் பெரிய சைஸில் வாங்கி இப்போதே போட்டுவிடாதீர்கள். தொங்குகிற துணியில் தீ சீக்கிரம் பற்றும் என்பதால்தான் அதை ஒட்டித் தைக்கிறார்கள். சரியான அளவு வரும்வரை அது பெட்டியில் இருக்கட்டும்.

படி 4: ரேக் முன்னால் நின்று பார்க்க வேண்டியவை

கிளியரன்ஸ் ரேக்கில் நல்ல சரக்கும் இருக்கும், பழுதான சரக்கும் இருக்கும். கடைசி விலைத் துணியைப் பல இடங்களில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதால், அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஜிப்பை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். பிரஸ் பட்டன் ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். இடுப்பு எலாஸ்டிக்கை இரு கையாலும் இழுத்து விடுங்கள், டப்பென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். அலையலையாகச் சோம்பி நின்றால் வைத்துவிடுங்கள். தோள் தையலை லேசாக விரித்துப் பாருங்கள், நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் நாலு துவையலுக்குத் தாங்காது. காட்சிக்குத் தொங்கிய துணியில் தோளும் மடிப்பு ஓரமும் வெளிறியிருக்கும். உள்பக்கத்தைத் திருப்பி நிறத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பருத்தி என்றால் துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும், எனவே இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள்.

படி 5: தள்ளுபடிக் கணக்கு

'50 சதவீதம், மேலும் 20 சதவீதம்' என்றால் 70 இல்லை, 60. முதலில் 100 பாதியாகி 50, அதில் ஐந்தில் ஒரு பங்கு போய் 40. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது, மூன்றும் உங்களுக்குத் தேவை என்றால் மட்டும் 33 சதவீதம்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 100 மதிப்புள்ள துணியை 40-க்கு ஐந்து வாங்கினீர்கள், மொத்தம் 200. அதில் ஒன்று போடாமலே போனால், போட்ட நான்கும் ஒவ்வொன்றும் 50 ஆகிவிட்டது. இரண்டு போனால் கிட்டத்தட்ட 67. மூன்று போனால் 100, அதாவது முழு விலை. எத்தனை சதவீதம் தள்ளுபடியோ அத்தனை சதவீதம் துணி வீணானால் லாபம் பூஜ்யம். 30 சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு வருஷம் முன்னால் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அளவு தள்ளுபடி சீசன் நடுவிலேயே கிடைக்கும், அப்போது சைஸும் கண்ணெதிரே தெரியும். பாதிக்கு மேல் குறைந்தால் மட்டும் முன்கூட்டி வாங்குங்கள்.

படி 6: எடுத்து வைப்பது

சைஸுக்கு ஒரு பெட்டி. வெளியே கொட்டை எழுத்தில் '110, குளிர்' என்று எழுதி ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் போனில் இருக்கட்டும், அடுத்த கிளியரன்ஸில் நிற்கும்போது அதைத்தான் பார்க்கப் போகிறீர்கள். பில்லையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

புதுத் துணியை விலை அட்டையோடு அப்படியே வைக்கலாம். உறவினரிடமிருந்து வந்த பழைய துணியை மட்டும் துவைத்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவைத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பால் கறையும் வியர்வையும் மாதங்கள் போகப்போக மஞ்சளாக வெளியே வரும். கஞ்சி போடாதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. சூடான பரண் வேண்டாம். எலாஸ்டிக் செத்துவிடும், ரப்பர் பிரின்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரின்ட் போட்டவற்றை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடியுங்கள்.

அந்துருண்டையைக் குழந்தைத் துணிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பல அந்துருண்டைகளில் உள்ள நாப்தலீன் என்ற ரசாயனம் துணியில் ஏறி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான ரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் கொண்டுவந்துவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிவதுகூட இல்லை. இறுக்கமாக மூடுகிற பெட்டியும், நன்றாகக் காய்ந்த துணியும் போதும்.

படி 7: சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் திறங்கள்

சீசன் வந்த பிறகு பெட்டியைத் திறந்தால், இல்லாததை முழு விலைக்கு ஓடிப்போய் வாங்க வேண்டிவரும். ஒரு மாதம் முன்பே காலண்டரில் நினைவூட்டல் வைத்து, எல்லாவற்றையும் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். பொருந்துவதை ஒருமுறை துவைத்துவிட்டுப் போடுங்கள், புதுத் துணியில் மிச்சமிருக்கும் சாயமும் மொடமொடப்பும் போகும். இன்னும் பெரிதாக இருப்பதை அடுத்த பெட்டிக்கு மாற்றி, பட்டியலையும் திருத்துங்கள். சின்னதாகிவிட்டது என்றால் விலை அட்டையோடு இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். ஏன் தப்பியது என்று பட்டியலில் ஒரு வார்த்தை எழுதுங்கள்: 'உயரம்', 'குத்துது என்றாள்', 'நிறம் பிடிக்கல'. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த முறை அந்த ரேக்கைத் தாண்டி நடந்துவிடலாம்.

முதல் தடவை என்றால் ஒரு சைஸ், ஒரு சீசன், தேவையில் பாதி எண்ணிக்கை. இவ்வளவு மட்டும் வாங்குங்கள். மீதிப் பாதியைச் சீசனில் பார்த்துக்கொள்ளலாம்.