நியூட்ரான் விண்மீன் மோதல் ஆய்வு: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனத்த பொருள்கள் மோதும்போது எழுந்து பிரபஞ்சத்தில் பரவும் ஈர்ப்பு அலைகளை ஆராயப் புதிதாக நுழைபவர்கள், கோடிங்கில் சறுக்கிவிடுவோமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து பெரிய சறுக்கல்கள் நடப்பது அதற்கு அப்புறம், கையில் கிடைத்த எண்ணை வாசிக்கும்போது.

2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஜிடபிள்யூ170817 நிகழ்வையே எடுத்துக்கொள்வோம்; இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியது அது. அலையின் அதிர்வெண் ஏறும் வேகத்திலிருந்து இரண்டின் நிறையும் கலந்த ‘சிர்ப் நிறை’ என்ற கூட்டு அளவு கிடைக்கிறது. அது சுமார் 1.188 சூரிய நிறை. அவ்வளவு துல்லியமாகத் தெரியும். ஆனால் இரண்டு விண்மீன்களின் தனித்தனி நிறை? அவை மெதுவாகச் சுழல்கின்றன என்று வைத்துக்கொண்டால் பெரியது 1.36 முதல் 1.60 வரை. வேகமாகவும் சுழலலாம் என்று விட்டால் அதே விண்மீன் 2.26 வரை போகிறது. தரவு ஒன்றுதான், மாறியது நம் முன்அனுமானம். எனவே முன்அனுமானத்தைச் சொல்லாமல் நிறையை மட்டும் எழுதுவது முதல் தவறு. இந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. இரண்டு அனுமானங்களோடும் கணக்கீட்டை ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

அவசரமாகப் பெயர் சூட்டுவது அடுத்தது. ஜிடபிள்யூ190814 நிகழ்வில் 23 சூரிய நிறைக் கருந்துளையோடு மோதியது 2.6 சூரிய நிறையுள்ள ஒரு பொருள். அது மிகக் கனத்த நியூட்ரான் விண்மீனா, மிகச் சிறிய கருந்துளையா? அலையில் பொருள் இழுபட்டதற்கான தடயம் தெரியவில்லை, ஒளியும் அகப்படவில்லை. இரண்டில் எதை உறுதியாகச் சொன்னாலும் அது ஆதாரத்தைத் தாண்டிய பேச்சுதான்.

கருவியில் தெரியும் நிறையையே உண்மையான நிறையாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டு வருகிறது. நிறை கூடுதலாகத் தெரியும். 2015இன் முதல் கண்டுபிடிப்பிலேயே இந்த வித்தியாசம் சுமார் 9 சதவீதம்.

இரைச்சல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜிடபிள்யூ170817 மோதலுக்குச் சுமார் ஒரு விநாடி முன்பு அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் உள்ள கருவியில் ஒரு க்ளிட்ச் (திடீர் இரைச்சல்) விழுந்தது. தானியங்கித் தேடல் முதலில் இன்னொரு அமெரிக்கக் கருவியான ஹான்ஃபோர்டின் சிக்னலை மட்டும் காட்டியது. லிவிங்ஸ்டனின் நேர–அதிர்வெண் படத்தைத் திறந்து பார்த்தால், க்ளிட்சுக்குக் கீழே மேலேறி வளையும் கோடு கண்ணுக்கே தெரிந்தது. இத்தாலியில் உள்ள வர்கோ கருவியில் சிக்னல் மிக மங்கல். அதையும் ‘பயனற்ற தரவு’ என்று ஒதுக்கவில்லை. மூலம் வர்கோவுக்குச் சரியாகத் தெரியாத திசைகளை ஒட்டி இருக்கிறது என்று அதிலிருந்து புரிந்தது. தேட வேண்டிய வானம் சுமார் 30 சதுர பாகையாகச் சுருங்கியது. 11 மணி நேரத்துக்குள் என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் ஒளியைப் பிடித்தார்கள்.

கனத்த கருந்துளைகள் அதிகம் அகப்படுவதால் அவைதான் பிரபஞ்சத்தில் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் அலை வலுவானது, தூரத்திலிருந்தும் கேட்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, ஒளி கிடைக்காததை ஒளியே இல்லை என்று எழுதுவது. நியூட்ரான் விண்மீன் மோதலாகக் கருதப்படும் ஜிடபிள்யூ190425 நிகழ்வின்போது ஹான்ஃபோர்டு இயங்கவில்லை; தேட வேண்டிய பரப்பு 8,000 சதுர பாகைக்கும் மேல். அத்தனை வானத்தையும் யாரும் முழுதாகப் பார்த்திருக்க முடியாது. இப்படிப்பட்ட நிகழ்வுக்குக் கட்டுரை எழுதும்போது, எவ்வளவு பரப்பை, எத்தனை மணி நேரத்துக்குள், எந்த மங்கல் அளவு வரை பார்த்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.