பேசாத அக்கா தங்கைக்கு ஒரு படம் போட்டுக் காட்டுவது எப்படி

குடியாத்தம் வீட்டுப் பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட என் அம்மாவும் பெரியம்மாவும் ஆறு வருடமாகப் பேசவில்லை. இத்தனைக்கும் சத்துவாச்சாரியில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போன மாதம் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து 'சோல் ஃபுட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்கவைத்தேன்.

சமாதானம் என்று வாயெடுக்காதீர்கள், வரமாட்டார்கள். நான் பெரியம்மாவிடம், “முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிட்டேன், உங்க கைப்பக்குவம் வேணும்” என்றேன். ஞாயிறு பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்.

படம் 1997-ல் வந்தது, இயக்கம் ஜார்ஜ் டில்மன் ஜூனியர். சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பம். வக்கீல் அக்கா, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் நடுத்தங்கை, சலூன் நடத்தும் கடைக்குட்டி. ஞாயிறுதோறும் அம்மா வீட்டில் விருந்து. அம்மா சர்க்கரை நோயில் படுத்ததும் எல்லாம் சிதறுகிறது. கதை இவ்வளவு சொன்னால் போதும்.

முதல் நாளே தனியாகப் பார்த்துவிடுங்கள். படுக்கையறைக் காட்சிகள் உண்டு, ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வசனத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். சண்டை எந்த நாட்டிலும் புரியும்.

முக்கியமானது டிவியின் பிக்சர் செட்டிங். ‘விவிட்’ மோடை எடுத்துவிட்டு ‘சினிமா’வில் வையுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கறுத்த முகங்கள் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். அந்தக் காலத்தில் கோடாக் பிரிண்டில் நிறம் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். கறுத்த நிறம் அதில் சரியாக விழாது. நம் ஊர் ஸ்டுடியோ மட்டும் என்ன? பெரியம்மாவின் கல்யாண ஆல்பத்தில் முகம் மாவு பூசினமாதிரி இருக்கும், கை மட்டும் அவர் கை. படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில், “எல்லாரும் என் கலர்ல இருக்காங்களேடா! எவ்ளோ லட்சணம்!” என்றார். அம்மா திரும்பிப் பார்த்தார், பேசவில்லை.

ஆஸ்பத்திரிக் காட்சி வரும்போது நிறுத்தி விளக்கம் சொல்லக் கிளம்பாதீர்கள். நான் வாயைத் திறக்குமுன் பெரியம்மா திரையைப் பார்த்தபடியே, “உனக்கு சுகர் எவ்ளோடி?” என்றார்.

“வெறும் வயித்துல நூத்தி எண்பது.”

அம்மா பக்கத்தில் இருந்த ஆற்காடு மக்கன் பேடா டப்பாவை மூடி, தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார் பெரியம்மா.