இனப்பெருக்கத்துக்கு ஆக்ஸலாட்டல் வாங்குவது எப்படி?

ஆக்ஸலாட்டல் மீன் இல்லை, சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி. மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதன் ஊர். அங்கே அது கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. நமக்குக் கிடைப்பவை தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. ஒன்றை மட்டும் வளர்க்க நினைப்பவர் நிறம் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். குட்டி எடுக்க ஆசைப்படுபவர் முதலில் கேட்க வேண்டியது அதன் தாய் தகப்பன் யார் என்பதைத்தான்.

படி 1: தொட்டியைத் தயார் செய்யுங்கள்

தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 24-ஐத் தாண்டினால் சாப்பிடாது, நோய் ஒட்டிக்கொள்ளும். சென்னை, மதுரை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது. ஃபேனும் ஐஸ் பாட்டிலும் ஓரிரு நாள் சமாளிக்க மட்டுமே உதவும். சில்லர் விலையைக் கேட்டுவிட்டு இந்த ஆசையைக் கைவிட்டாலும் தப்பில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொட்டி வேண்டும், ஒவ்வொன்றும் 75 லிட்டருக்குக் குறையாமல். ஃபில்டரில் கழிவு நஞ்சைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அந்த நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே விலங்கைத் தேடுங்கள். அடியில் கூழாங்கல் போடாதீர்கள், விழுங்கிவிடும்.

படி 2: விற்பவரிடம் கேளுங்கள்

1864-ல் பாரிஸில் ஒகுஸ்த் துமேரில் என்ற விலங்கியலாளர் கைக்கு ஆறு ஆக்ஸலாட்டல்கள் வந்தன. இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். ஏற்கெனவே எல்லாம் நெருங்கிய சொந்தம். அதற்கு மேல் ஒரே முட்டைக் கூட்டத்தில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்தால் பலவீனமான குட்டிகள்தான் மிஞ்சும். கடையில் ஒரே தொட்டியிலிருந்து "ஜோடி" என்று பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

அதனால் ஆணை ஒருவரிடமும் பெண்ணை வேறொருவரிடமும் வாங்குங்கள். பிறந்த மாதம், தாய் தகப்பன் போட்டோ, அவற்றின் நிறம், இப்போது என்ன தீனி என்று கேளுங்கள். சொந்தமாகக் குட்டி எடுப்பவர் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்வார். "எல்லாம் நல்ல சரக்கு சார்" என்பதோடு நிறுத்துபவரிடம் நகர்ந்துவிடுவது நல்லது. விற்பவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து விலங்குகளை எடுத்தவர்களா என்பதையும் விசாரியுங்கள்.

படி 3: நேரில் பாருங்கள்

செவுள்கள் அடர்த்தியாக, இறகு போல விரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் மடங்கியிருந்தால் தண்ணீரில் ஏதோ கோளாறு. உடம்பு தலை அகலத்துக்கு இருக்கட்டும். பஞ்சு மாதிரி வெள்ளைப் படலம், தலைகீழாக மிதப்பது, இவை இருந்தால் வேண்டாம். ஒரு விரல் குறைந்திருந்தால் கவலை வேண்டாம், கூடப் பிறந்தது கடித்திருக்கும், மறுபடி முளைத்துவிடும். கண் முன்னால் மண்புழு போடச் சொல்லுங்கள். அது சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பின்னங்காலுக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் நன்றாகப் புடைத்திருந்தால் ஆண். பெண்ணுக்கு அங்கே தட்டையாக இருக்கும், உடம்பு உருண்டிருக்கும். இது தெரிய ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டும். விரல் நீளக் குட்டியைக் காட்டி "இது பெண்" என்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

படி 4: பதிவு

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் (CITES) இரண்டாம் இணைப்பில் ஆக்ஸலாட்டல் உள்ளது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. வாங்கிய கையோடு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். எனவே ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 5: வீட்டுக்கு

தெர்மாகோல் பெட்டி, பையில் பாதி காற்று, பெட்டி ஓரத்தில் துணி சுற்றிய ஐஸ் பேக். பகல் பயணம் வேண்டாம். ஒரு மாதம் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

அப்புறம் ஜோடி சேர்க்க அவசரம் காட்டாதீர்கள். பெண்ணுக்கு ஒன்றரை வயதாகட்டும். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை முட்டையிடும். பிறகு பல மாதம் ஓய்வு தேவை. குட்டிகளுக்கு ஆர்டிமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைத் தினமும் முட்டையிலிருந்து பொரிக்க வைத்து உயிரோடு போட வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று கடிக்கும். எத்தனை குட்டிக்கு இடமும் வாங்க ஆளும் இருக்கிறதோ, அத்தனை முட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை, கரு வளருமுன் அழிக்க, அன்றே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விடவே கூடாது.