கப்பலில் இருந்தபடி வானிலை பார்த்து அனுப்புவது எப்படி?

நடுக்கடலில் வானிலை நிலையம் கிடையாது. அங்கே போய்வரும் கப்பல்கள்தான் நிலையம். 1853-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் பல நாடுகள் கூடிப் பேசியதிலிருந்தே கப்பல்காரர்கள் ஒரே முறையில் குறிப்பெடுத்து வருகிறார்கள். கூலி கிடையாது, செய்தி அனுப்பும் செலவும் கப்பலுக்கு இல்லை.

1. நேரம்: யுடிசி (உலகப் பொது நேரம்) 00, 06, 12, 18 மணி. கால் மணி முன்பே வேலையைத் தொடங்குங்கள். காற்றழுத்தத்தை மட்டும் கடைசியில், மணியடிக்கும் நேரத்தில் பாருங்கள்.

2. காற்று: புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கப்பல் வடக்கே 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகிறது, தெற்கிலிருந்தும் 15 நாட் காற்று. பிரிட்ஜ் இறக்கையில் (கப்பலை ஓட்டும் அறையின் பக்கத்துத் திறந்த மேடையில்) நின்றால் சட்டைகூட அசையாது. காற்றே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். கடலைப் பாருங்கள், எங்கும் வெள்ளை நுரை! அதுதான் உண்மைக் காற்று, பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 4. கருவி காட்டும் எண்ணிலிருந்து கப்பலின் வேகத்தையும் திசையையும் கழித்துத்தான் எழுத வேண்டும். திசை என்றால் காற்று எங்கிருந்து வருகிறதோ அது.

3. வெப்பநிலை: காற்று வந்து மோதும் பக்கத்தில் அளவிடுங்கள். ஈரக்குமிழின் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின்) துணியில் உப்பு படிந்தால் அளவு கூடிவிடும். துணியை மாற்றச் சோம்பல்படாதீர்கள்.

4. மேகம்: வானத்தை எட்டுப் பங்காக்கி, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரவில் கண் இருட்டுக்குப் பழகட்டும், அப்புறம் பாருங்கள்.

5. அலை: இங்கே வீசும் காற்று கிளப்பியது வேறு, எங்கோ வீசிய காற்றிலிருந்து நீண்டு உருண்டு வரும் ஸ்வெல் வேறு, தனித்தனியாக எழுதுங்கள். நுரைத் திட்டு ஒன்று அலை முகட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்வரை எண்ணினால் அலையின் கால அளவு கிடைக்கும். உயரத்தைக் கண் மதிப்பாகச் சொல்லலாம், பழகப் பழக வரும்.

6. காற்றழுத்தம்: கடல்மட்டத்துக்கு மாற்ற, கருவி இருக்கும் உயரத்தில் ஒவ்வொரு 8 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) கூட்டுங்கள். சில கருவிகளை முன்பே கடல்மட்டத்துக்குச் சரிசெய்து வைத்திருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு தடவை கூட்டிவிடக் கூடாது.

7. அனுப்புதல்: டர்போவின் (TurboWin) என்ற மென்பொருளில் நிரப்பினால் அதுவே குறியீடாக மாற்றித் தரும். கிழக்கு, மேற்கு மாறிப்போனால் கப்பல் வேறொரு கடலில் போய் நிற்கும், ஒருமுறை சரிபாருங்கள். பார்க்காததை ஊகித்து எழுதாமல் காலியாக விடுங்கள்.