கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியாமல் இங்க் செலவைக் குறைப்பது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

எச்பி 680, 803, 805, கேனான் பிஜி-745, சிஎல்-746 என்று நம் வீட்டுப் பிரிண்டர்களில் அதிகம் புழங்கும் மை கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு தகடு தெரியும். அதுதான் பிரிண்ட் ஹெட். மை வெளியேறும், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளான நாசில்கள் அதில்தான் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு நாசிலுக்கும் ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. அது கணநேரம் சூடாகி மையில் குமிழி எழுப்ப, குமிழி தள்ளிவிடும் துளிதான் காகிதத்தில் எழுத்தாகிறது. மை தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜை எறிகிறவர்கள், நல்ல நிலையில் இருக்கும் பிரிண்ட் ஹெட்டையும் சேர்த்தே எறிகிறார்கள்.

உள்ளே மையைப் பிடித்து வைக்கும் ஸ்பாஞ்சும் வெளிப் பிளாஸ்டிக்கும் பல முறை நிரப்பினாலும் தாங்கும். நாசில்தான் தாங்காது. அதைக் கெடுப்பவை இரண்டு: உலர்ந்துபோவது, மை இல்லாமல் ஓடிக் கருகுவது. கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டிலிருந்தும் நாசிலைக் காப்பாற்றும் வேலைதான்.

முதலில் ஒரு கணக்கு

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். எச்பி 680 கறுப்புக்கு ஏறத்தாழ 480 பக்கம், கலருக்கு 150. எச்பி 805 கறுப்புக்கு 120, கலருக்கு 100 மட்டுமே. கொடுத்த விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு வந்துவிடும். 1000 ரூபாய்க்கு 480 பக்கம் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல். அதே 1000 ரூபாய்க்கு 120 பக்கம் என்றால் 8 ரூபாய்க்கும் மேல். விலை குறைந்த பிரிண்டர் எங்கே காசைத் திரும்ப எடுக்கிறது என்பது இந்த வகுத்தலில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த எண்ணிக்கை ஆய்வகத்தில் தொடர்ச்சியாக அச்சடித்துப் பார்த்துச் சொன்னது. வாரம் இரண்டு பக்கம் எடுக்கும் வீட்டில் அவ்வளவு வராது. நாசில் அடைக்காமல் இருக்கப் பிரிண்டர் தானாகவே மையைப் பாய்ச்சி ஹெட்டைக் கழுவுவதற்கே ஒரு பங்கு மை போய்விடும். அந்த மை பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சில் போய்த் தேங்குகிறது.

சுவர் சுவிட்சை முதலில் தொடாதீர்கள்

பிரிண்ட் எடுத்து முடித்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது நம்மூர்ப் பழக்கம். மின்சாரம் மிச்சம், மை நஷ்டம். பிரிண்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அப்போதுதான் நாசில் காற்றுப் படாமல் ஈரமாக இருக்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்து கிடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் போடும்போது பிரிண்டர் தானாகவே கழுவ ஆரம்பிக்கும். எனவே முதலில் பவர் பட்டன். விளக்கு சிமிட்டி அணையும்வரை பொறுத்து, பிறகு சுவர் சுவிட்ச்.

வாரம் ஒருமுறை கறுப்பும் கலரும் கொஞ்சம் கலந்த ஒரு பக்கம் எடுங்கள். உண்மையிலேயே தேவைப்படும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. கோடைக்காலத்தில் பிரிண்டரை ஜன்னல் வெயில் படும் மேசையில் வைக்க வேண்டாம்.

செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை

கணினியில் பிரிண்டரின் 'பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸ்' பக்கத்தைத் திறந்து தரத்தை 'டிராஃப்ட்' என்று மாற்றி, அதையே நிரந்தரமாக வையுங்கள். பட்டா நகல், ஹால் டிக்கெட், பாடக் குறிப்பு எல்லாவற்றுக்கும் டிராஃப்ட் போதும். பார்கோடு, கியூஆர் கோடு உள்ள பக்கத்துக்கு மட்டும் 'நார்மல்' வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய கோடு ஸ்கேனரில் சிக்காமல் போகலாம்.

பலரும் ஏமாறும் இடம் 'கிரேஸ்கேல்'. கறுப்பு வெள்ளை கேட்டால் கறுப்பு மை மட்டும் போகும் என்று நினைக்கிறோம். எச்பி டிரைவரில் கிரேஸ்கேலுக்குள்ளேயே இரண்டு தேர்வுகள் இருக்கும். 'பிளாக் இங்க் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மூன்று நிறங்களையும் கலந்து சாம்பல் நிறத்தை உருவாக்கும். அதேபோல் காகித வகையில் 'போட்டோ பேப்பர்' என்று இருந்தால், பிக்மென்ட் (நுண்துகள் மை) கறுப்பைத் தொடாமல் கலரைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும் பிரிண்டர்கள் பல. சாதாரணத் தாள் வைத்திருந்தால் 'பிளெய்ன் பேப்பர்' என்றே இருக்கட்டும்.

இணையப் பக்கத்தை அப்படியே அச்சிடாதீர்கள். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் விண்டோஸில் எஃப்9 அழுத்தினால் பெரும்பாலான கட்டுரைப் பக்கங்களில் விளம்பரங்கள் விலகிக் கட்டுரை மட்டும் நிற்கும். குரோமில் பிரிண்ட் பெட்டியின் அடியில் 'பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எழுத்துருவை மாற்றினால் மை மிச்சமாகும் என்று நிறைய எழுதுகிறார்கள். மிச்சமாகும்தான், ஆனால் ஒரு முழுப்பக்கப் படத்தைத் தவிர்ப்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். தமிழில் நீளமாக அச்சிடுகிறவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழின் 'லைட்' வடிவத்தை முயன்று பார்க்கலாம்.

ரீஃபில்: எப்போது?

எழுத்து வெளிறத் தொடங்கிய அன்றே. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. 'இன்னும் நாலு பக்கம் வருதே' என்று இழுத்தால், மை இல்லாத நாசிலில் ஹீட்டர் சூடாகிக் கருகிவிடும். கருகியதை எந்தத் தண்ணீரும் திருப்பித் தராது. திரையில் வரும் 'லோ இங்க்' அறிவிப்பு, அச்சிட்ட துளிகளைக் கணக்குப் போட்டுச் சொல்லும் உத்தேசம்தான். உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. கண்ணால் பார்க்கும் வெளிறலை நம்புங்கள்.

வாங்க வேண்டியவை: 5 மி.லி. சிரிஞ்சுகள் 4 (நிறத்துக்கு ஒன்று, கலக்கக் கூடாது), நீளமான ஊசிகள் 4, கையுறை, டிஷ்யூ, பல்குத்தும் குச்சி, செலோடேப், பழைய செய்தித்தாள். முனை மழுங்கிய ரீஃபில் ஊசி கிடைத்தால் அதுவே நல்லது. மருந்துக்கடை ஊசி என்றால் உப்புத்தாளில் தேய்த்துக் கூர்மையைப் போக்கிவிடுங்கள்.

மை வாங்கும்போது கார்ட்ரிட்ஜ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். எச்பி 680, கேனான் பிஜி-745 இரண்டிலும் கறுப்பு பிக்மென்ட் வகை, கலர் டை (நீரில் கரைந்த சாய மை) வகை. டை கறுப்பை ஊற்றினால் அச்சாகும். ஆனால் ஈரக்கை பட்டால் அழியும். டை மைக்கான ஹெட்டில் பிக்மென்ட் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது தவறுதான் பெரிய தவறு.

ரீஃபில்: எப்படி?

1. கார்ட்ரிட்ஜை எடுத்து, நாலாக மடித்த டிஷ்யூவின் மேல் நாசில் கீழ்நோக்கி வையுங்கள். செப்பு நிறப் புள்ளிகளைக் கையால் தொடாதீர்கள்.

2. மேலே உள்ள லேபிளை ஒரு முனையிலிருந்து மெதுவாக உரியுங்கள். திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும். அடியில் துளைகளும், பாம்பு போல் நெளிந்த மெல்லிய பள்ளங்களும் தெரியும். பள்ளங்கள் காற்று உள்ளே போகும் வழி. ஊசி தடையில்லாமல் ஸ்பாஞ்சுக்குள் இறங்குகிறதே, அதுதான் மை ஊற்றும் துளை. சில கார்ட்ரிட்ஜ்களில் துளை மிகச் சிறியதாக இருக்கும். கையால் திருகும் சிறு டிரில்லால் அகலப்படுத்தி, பிளாஸ்டிக் துகள் உள்ளே விழாமல் ஊதி எடுங்கள்.

3. கலரில் மூன்று அறைகள். எந்தத் துளை எந்த நிறம் என்று இணையப் படத்தை நம்பி ஊற்ற வேண்டாம். மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு துளையிலும் புதிய குச்சி ஒன்றை விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்து, நிறத்தைத் துளைக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

4. சிரிஞ்சில் மை இழுத்து, ஊசியை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஊசியை ஸ்பாஞ்சில் முக்கால் ஆழம்வரை மட்டும் இறக்குங்கள். அடியில் நாசிலுக்கு மேலே மெல்லிய வலை வடிகட்டி இருக்கிறது; அதைக் குத்தினால் கதை முடிந்தது.

5. அரை நிமிடத்துக்கு 1 மி.லி. என்ற வேகத்தில் அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஸ்பாஞ்சுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். 680 கறுப்புக்கு 4 முதல் 5 மி.லி., கலரில் நிறத்துக்கு 1.5 முதல் 2 மி.லி. போதும். 803, 805 போன்ற சிறிய கார்ட்ரிட்ஜுக்கு இன்னும் குறைவு. அளவு எதுவானாலும், துளையின் வாயில் மை பளபளவென்று தெரிந்தால் நிறுத்தி, அரை மி.லி. திரும்ப உறிஞ்சிவிடுங்கள்.

6. பத்து நிமிடம் டிஷ்யூவில் விட்டுவிட்டு, புதிய டிஷ்யூவில் நாசிலை ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. கறுப்பில் அழுத்தமான ஒரு பட்டை விழ வேண்டும். கலரில் மூன்று தனித்தனிப் பட்டைகள் விழ வேண்டும். அவை ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகத் தெரிந்தால் ஏதோ ஓர் அறையில் மை கூடிவிட்டது என்று பொருள். தெளிவாக விழும்வரை ஒற்றிக்கொண்டே இருங்கள்.

7. லேபிளைத் திரும்ப ஒட்டுங்கள். செலோடேப் போடுவதானால் காற்றுப் பள்ளத்தை முழுக்க அடைத்துவிடாதீர்கள்.

8. பிரிண்டரில் பொருத்தி ஒரே ஒரு முறை கிளீனிங் (ஹெட்டைக் கழுவும் வசதி) ஓட்டிச் சோதனைப் பக்கம் எடுங்கள்.

மை அளவு இன்னும் காலி என்றே காட்டும். எச்பியில் 'பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ்' என்று கேட்டால் சரி என்று அழுத்தித் தாண்டலாம். கேனானில் இ13 அல்லது இ16 என்ற பிழை எண் வந்தால் 'ஸ்டாப்' பட்டனைக் குறைந்தது 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எச்பி மென்பொருளில் 'கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. அது கார்ட்ரிட்ஜை அந்த ஒரு பிரிண்டரோடு பூட்டிவிடும். வேறு பிரிண்டரில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், புதுக் கார்ட்ரிட்ஜ் போடும் முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

சரியாக வரவில்லையா?

பக்கம் தெளிவாகத் தொடங்கிப் பாதியில் மங்கினால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. மேலே ஒட்டிய டேப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே சரியாகிவிடும். புதிதாக நிரப்புகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது.

மை நிரப்பியும் டிஷ்யூவில் பட்டை விழவில்லை என்றால் நாசிலில் மை உலர்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான டிஸ்டில்டு தண்ணீரில் நனைத்த டிஷ்யூவில் 2, 3 நிமிடம் வைத்து ஒற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் டிஸ்டில்டு தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு நாசிலிலேயே படியும். கிளீனிங் பட்டனை மூன்று, நான்கு முறை தொடர்ந்து அழுத்துவதில் பயன் இல்லை. இரண்டு முறைக்கு மேல் போகாமல், சில மணிநேரம் விட்டு மறுபடி பாருங்கள். தொடர்ந்து கழுவினால் மை போவதோடு, அடியில் உள்ள பஞ்சும் நிறையும். அது நிறைந்தால் கேனானில் 5பி00 பிழை வந்து பிரிண்டரே நின்றுவிடும்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து, கழுவியும் மாறாவிட்டால் அந்த நாசில்கள் கருகிவிட்டன. நாலைந்து ரீஃபிலுக்குப் பின் இது நடப்பது சகஜம். கலர் மட்டும் செத்திருந்தால் இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் எச்பி பிரிண்டர்களில் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பை மட்டும் வைத்து ஓட்டலாம்.

எப்போது பிரிண்டரையே மாற்றுவது?

மாதம் 100 பக்கத்துக்கு மேல் எடுக்கும் வீட்டில் ரீஃபிலோடு மல்லுக்கட்டுவதைவிட, பாட்டில் மையைத் தொட்டியில் நேரடியாக ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர் மேல். எப்சன் எல்3210, எல்3250 போன்றவற்றில் போடும் 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி.; ஏறத்தாழ 4500 பக்கம் வரும். கேனான் ஜி வரிசையின் ஜிஐ-790 கறுப்பு 135 மி.லி., 6000 பக்கம். காலியானால் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். ஆனால் டேங்கில் கீழ்க்கோட்டுக்கு அடியில் மை இறங்கவிடாதீர்கள். குழாயில் காற்று ஏறினால் அதை வெளியேற்றவே நிறைய மை செலவாகும்.

மாதம் பத்துப் பக்கம்கூட எடுக்காதவர்களுக்கு எந்த இங்க்ஜெட்டும் லாபம் இல்லை. எழுத்து மட்டும் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் வாங்கலாம். டோனர் பொடி உலராது. அதுவும் வேண்டாம் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கவே இருக்கிறது.

செத்த கார்ட்ரிட்ஜை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022-இல் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் மின்கழிவுப் பட்டியலில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ உங்கள் ஊரின் மின்கழிவுச் சேகரிப்பு மையத்திலோ கொடுக்கலாம். ஒவ்வொன்றாக அலையாமல், மூடி போட்ட டப்பாவில் பத்துப் பதினைந்து சேர்த்து ஒரேயடியாகக் கொண்டுபோங்கள். கொடுக்கும் முன் பிராண்டு லேபிளைக் கிழித்துவிடுங்கள். மறுபடி பெட்டிக்குள் ஏறி 'புதுசு' என்று வேறொருவர் கைக்குப் போகாது.