ரெட்டினால் க்ரீமைத் தொடங்குவது எப்படி

ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். அழகுசாதனப் பொருளாக விற்றாலும் தோலுக்குள் மருந்து மாதிரிதான் வேலை செய்கிறது. தோல் செல்கள் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாகவும், பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றிக்கொள்கின்றன. பருவுக்கு மருத்துவர் எழுதித்தரும் ட்ரெட்டினாயின் என்பது இந்த அமிலமேதான். இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி ஒரு பொருள் மருந்தாக இருக்கும், இல்லையென்றால் அழகுசாதனமாக இருக்கும். 'காஸ்மெசூட்டிக்கல்' என்று விளம்பரத்தில் வரும் நடுவகை அந்தச் சட்டத்தில் கிடையாது. எனவே டியூபைத் திருப்பிப் படிக்காமல் வாங்கக் கூடாது.

முதல் டியூபுக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் போதும். ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான க்ரீம்களில் 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2024-இல் விதித்தது. சதவீதமே போடாத பொருளை வாங்காமல் வைத்துவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் ரெட்டினால் கெட்டுப்போகும் என்பதால், அலுமினிய டியூபோ காற்றுப் புகாத பம்ப்போ நல்லது. வாயகன்ற டப்பா வேண்டாம்.

இரவில் மட்டும் போடுங்கள். முகம் கழுவி, ஒற்றியெடுத்து, 20 நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிச்சல் தரும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை மூன்றிலும் முதலில் கொஞ்சம் வாசலைன் தடவிவிடுங்கள், உரிதல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. நெற்றியில் இரண்டு, கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று எனப் புள்ளி வைத்துப் பரப்பி, மேலே மாய்ஸ்சரைசர். எளிதில் சிவக்கும் தோல் என்றால் அடியிலும் ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு. தொல்லை இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போடுவதைப் பற்றி ஆறு வாரத்துக்குப் பிறகு யோசிக்கலாம். பலன் தெரிய 12 வாரமாவது ஆகும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் பலன் கூடாது, உரிதல்தான் கூடும்.

லேசான வறட்சியும் உரிதலும் வரும், அது போகட்டும். எரிச்சல், தொடர்ந்த சிவப்பு வந்தால் ஒரு வாரம் நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, பிறகு குறைந்த இரவுகளில் மறுபடி தொடங்குங்கள். நம் மாநிறத் தோலில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. எரிச்சல் ஆறிய இடத்தில் கருந்திட்டு விழும், மாதக்கணக்கில் போகாது. மங்கு போக என்று போட்ட க்ரீமே புது மங்கைக் கொண்டுவருவது இப்படித்தான்.

அதே இரவில் கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களோ பென்சாயில் பெராக்சைடோ சேர்க்காதீர்கள். த்ரெட்டிங், வேக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், தோலோடு பிய்ந்துவரும். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கியது, முகத்துக்கும் கழுத்துக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 'வெள்ளையாக்கும் நைட் க்ரீம்' என்று மருந்துக்கடையில் கைமாறும் டியூபில் ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லும் ஆர்எக்ஸ் (Rx) குறியும் ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கையும் அட்டையிலேயே இருக்கும். நாள்பட்டுப் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கிளம்பும். பழகிவிட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அவர்கள் டியூபோடு தோல் மருத்துவரிடம் போய், படிப்படியாகத்தான் விட வேண்டும்.