ரேம்: ஒரு 16-ஆ, இரண்டு 8-ஆ?

டிடிஆர் 4 வகை ரேம் போடும் மதர்போர்டுக்கு 16 ஜிபி ரேம் வாங்குகிறீர்களா? ஒரே 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் "இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று சொன்னாலும் இரண்டாகவே கேட்டு வாங்குங்கள்.

ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு சேனல், அதாவது தரவு போகும் பாதைகள், உண்டு. ஒரு ஸ்டிக் போட்டால் ஒன்று சும்மா கிடக்கும். 3200 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேர்ந்தால் 51.2. கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி ப்ராசஸரை வாங்கி, கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அதன் உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேம்தான்.

நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பிறகு பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது 3200 ஸ்டிக் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

போர்டில் இரண்டே ஸ்லாட், சீக்கிரம் 32 ஜிபிக்குப் போகும் எண்ணமும் இருந்தால் ஒரே 16 ஜிபி சரி, இன்னொன்று சேர்க்க ஸ்லாட் மிஞ்சும். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர் 5-க்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது: அதில் 8 ஜிபி ஸ்டிக்குகளே சற்று மெதுவானவை, முடிந்தால் 16 ஜிபி இரண்டாகப் போடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டு 4கே திரைத் தெளிவில் கேம் விளையாடுபவர்களுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அங்கே கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில் திணறும்.